குழாயா, தொட்டியா: சிறுநீர்ப்பை எடுத்த பிறகு என்ன வழி?

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் என் கையில் ஒரு மார்க்கர் பேனா இருக்கும். வீட்டில் எப்படி வேட்டி கட்டுவாரோ அப்படியே கட்டிக்கொள்ளச் சொல்வேன். நிற்க வைத்து, கட்டிலில் உட்கார வைத்து, குனிய வைத்து, படுக்க வைத்துப் பார்ப்பேன். தொப்புளுக்கு வலப்பக்கம், கொஞ்சம் கீழே, சதை மடியாத, அரைஞாண் கயிறு உரசாத, வேட்டிச் சுருட்டு ஏறி உட்காராத, குனிந்தால் அவர் கண்ணுக்கே தெரிகிற ஓர் இடம் வேண்டும். அங்கே ஒரு புள்ளி வைப்பேன். மறுநாள் அந்தப் புள்ளியில்தான் மருத்துவர் சிறுநீருக்கு வாசல் திறப்பார். பாடப் புத்தகத்தில் 'பெல்ட் கட்டும் இடத்தைத் தவிர்க்கவும்' என்று ஒரு வரி இருக்கும். கருங்கல்பாளையம் சந்தைக்கு மாடு ஓட்டிப் போகிறவர் வேட்டிக்கு மேல் கட்டுகிற நாலு விரல் அகலப் பட்டை பெல்ட்டை அந்தப் புத்தகத்தை எழுதியவர் பார்த்திருக்க மாட்டார். பெண்களுக்குக் கொசுவம் செருகும் இடமும் பாவாடை நாடாவும் தனிக் கணக்கு. புள்ளி ரெண்டு விரல்கடை தள்ளிப் போனாலும் அந்த வாசல் மேல் ஒட்டுகிற சிறுநீர் பிடிக்கும் பை ஒட்டாது, தினம் ஒழுகும்.

கோயமுத்தூரில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரகவியல் வார்டில் செவிலியராகச் சேர்ந்து, பிறகு ஸ்டோமா, அதாவது வயிற்றில் திறக்கும் அந்த வாசல், அதன் பராமரிப்புக்கென்றே ஒதுக்கப்பட்டவள் நான். புள்ளி வைக்கும்போது ஒரு கேள்வி வரும், எப்போதும் வரும். "பை வெக்காம முடியாதுங்களா சிஸ்டர்?" கேட்பது பெரும்பாலும் மகனோ மருமகனோதான். நோயாளி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதை மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுத்த குடும்பங்கள் ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். வெளியே பை தெரிகிறதா இல்லையா என்பது பல கணக்குகளில் ஒரு கணக்கு. எந்த வழிக்குப் போனாலும், இத்தனை வருஷம் சிறுநீர்ப்பை தன்னால் செய்துகொண்டிருந்த ஒரு வேலையை இனிமேல் ஆள் செய்தாக வேண்டும். எந்த வேலை உங்களுக்குக் கைவரும், உங்களால் முடியாமல் போகிற காலத்தில் அதை யார் செய்வார்? இதை வைத்துத்தான் நான் எல்லா முறைகளையும் எடை போடுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புற்று சிறுநீர்ப்பையின் தசைக்குள் இறங்கிவிட்டால்தான் பொதுவாகப் பையை எடுக்கிற பேச்சு வரும். ஆண்களுக்கு புராஸ்டேட்டும் சேர்ந்து போகும். பெண்களுக்குப் பல சமயம் கருப்பையும். உடம்பு தாங்கும் என்றால் அதற்கு முன்பே சிஸ்பிளாட்டின் என்ற மருந்து சேர்ந்த கீமோ மூன்று நான்கு சுற்றுக் கொடுப்பார்கள். சிலருக்குக் கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்துப் பையையே காப்பாற்றவும் முடியும். அந்த வழி உங்களுக்கு உண்டா இல்லையா என்பதை, குழாயா தொட்டியா என்று யோசிப்பதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.

பீடி, சிகரெட்தான் இந்த நோய்க்கு முதல் காரணம். இரண்டாவதாக எங்கள் பக்கம் ஒரு விஷயம் உண்டு. 1895இல் லுட்விக் ரேன் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பைக் கட்டி வருவதை முதன்முதலில் எழுதிவைத்தார். பென்சிடின் போன்ற அமின் வகை வேதிப்பொருள்கள்தான் குற்றவாளிகள் என்பது பிற்பாடு தெரிந்தது. அவ்வகைச் சாயங்களுக்கு இந்தியாவில் 1990களில் தடை வந்தது. திருப்பூரிலோ ஈரோட்டிலோ அதற்கு முன்பிருந்தே சாயப்பட்டறையில் கை நனைத்தவர் என்றால், மருத்துவர் கேட்காவிட்டாலும் அதைச் சொல்லுங்கள்.

சரி, சிறுநீர்ப்பை போய்விட்டது. சிறுநீரகம் ரெண்டும் தங்கள் பாட்டுக்கு நாளைக்கு ஒன்றரை, ரெண்டு லிட்டர் இறக்கிக்கொண்டேதான் இருக்கும். அதை எங்கே விடுவது?

தாராபுரம் பக்கத்து விவசாயி ஒருவர் இதை ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டார். "கெணத்துத் தண்ணிய நேரா வாய்க்கால்ல உடறது ஒண்ணு. தொட்டி கட்டித் தேக்கி, வேணுங்கறப்ப தொறந்து உடறது இன்னொண்ணு. அவ்வளவுதானுங்களா அம்மிணி?" அவ்வளவுதான். தொட்டி கட்டினால் பாசி பிடிக்கும், கசியும், நேரத்துக்குத் திறந்துவிட ஆள் வேண்டும் என்பதை நான் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வாய்க்கால் வழிக்கு, அதாவது தலைப்பில் சொன்ன குழாய்க்கு, இலியல் காண்டூட் என்று பெயர். அமெரிக்காவில் யூஜின் பிரிக்கர் 1950இல் விவரித்த முறை. இன்றைக்கும் உலகத்தில் அதிகம் செய்யப்படுவது இதுதான். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் துண்டை, அதன் ரத்த ஓட்டம் கெடாமல் பிரித்தெடுப்பார்கள். பெருங்குடலோடு சேருகிற கடைசி ஒரு சாண் அளவைத் தொடாமல் விட்டுவிடுவார்கள். பி12 வைட்டமினையும் பித்த உப்பையும் உறிஞ்சுகிற இடம் அது. மிச்சக் குடலைப் பழையபடி இணைத்துவிடுவார்கள். பிரித்த துண்டின் ஒரு முனையில் சிறுநீரகத்திலிருந்து வரும் ரெண்டு குழாய்களையும் தைப்பார்கள். மறுமுனை நான் வைத்த புள்ளி வழியாக வெளியே வரும். உதட்டின் உட்புறம் போலச் சிவந்து, கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும். அதுதான் ஸ்டோமா. தொட்டால் வலிக்காது. முதல் முறை பார்க்கிற மனைவிமார்தான் வலிக்குமோ என்று கையை இழுத்துக்கொள்வார்கள்.

இந்தத் துண்டு எதையும் தேக்காது. சொட்டுச் சொட்டாக வந்துகொண்டே இருக்கும். அதனால் மேலே எப்போதும் பை ஒட்டியிருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதி நிறைந்ததும் கீழே உள்ள குழாயைத் திறந்து கொட்டிவிட வேண்டும். நிறையவிட்டால் எடை இழுத்து ஒட்டு பிய்யும். ராத்திரிக்குப் பெரிய பையோடு டியூப் மாட்டிவிட்டால் விடிய விடியத் தூங்கலாம்.

மாற்றுவது மூன்று நாள் முதல் ஐந்து நாளைக்கு ஒரு முறை. காலையில் காப்பித் தண்ணி குடிப்பதற்கு முன்னால் மாற்றுங்கள் என்பதுதான் நான் சொல்லும் முதல் பாடம், அப்போதுதான் சிறுநீர் குறைவாக வரும். சுத்தமான துணியைச் சுருட்டி ஸ்டோமா மேல் வைத்துக்கொண்டால் தோல் நனையாது. ஒட்டுத் தகட்டில் வெட்டுகிற ஓட்டை ஸ்டோமாவைவிட ரெண்டு மூன்று மில்லிமீட்டர்தான் பெரிதாக இருக்க வேண்டும். முதல் ஆறு எட்டு வாரத்தில் ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும் என்பதால் ஒவ்வொரு தடவையும் அளக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் வெட்டிக் கொடுத்த அளவை வைத்து ஆறு மாசம் ஓட்டியவர்களின் தோலைப் பார்த்தால் வெந்த மாதிரி இருக்கும். அப்புறம் தேங்காய் எண்ணெய். தோல் சிவந்தால் எங்கள் ஊரில் கை தானாக எண்ணெய்க் கிண்ணத்துக்குப் போகும். எண்ணெய் பட்ட தோலில் எந்தக் கம்பெனித் தகடும் ஒட்டாது. பை ஒட்டலை என்று சித்திரை மாசம் வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் வியர்வை, மீதிப் பேருக்கு எண்ணெய்.

காலப்போக்கில் வரும் தொல்லைகள் வேறு. ஸ்டோமாவைச் சுற்றிக் குடல் இறங்கிப் புடைப்பது அடிக்கடி வருவது. மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறவருக்கு இதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்: அந்த வேலைக்கு இனித் திரும்ப முடியாது. வாய் சுருங்கிப் போவதும் உண்டு. பை ஊதா நிறமாக மாறுவதும் எப்போதாவது நடக்கும். சாயப்பட்டறையில் வேலை பார்த்த ஒருவர், "உள்ள தங்குன சாயமெல்லாம் இப்பத்தான் எறங்குதாட்டம் இருக்குதுங்க" என்று நடுங்கிக்கொண்டு வந்தார். மலச்சிக்கலோடு சில பாக்டீரியாக்களும் சேர்ந்தால் சிறுநீரில் இண்டிகோ உண்டாகும். அவுரிச் செடியிலிருந்து எடுக்கிற அதே நீலம். பயப்பட ஒன்றும் இல்லை. பையை மாற்றி, மலச்சிக்கலைக் கவனித்தால் போதும்.

இனித் தொட்டி. நியோபிளாடர், அதாவது புதுச் சிறுநீர்ப்பை.

குடலைக் குழாயாகவே வைத்துப் பை ஆக்க முடியாது. குழாயாக இருக்கிறவரைக்கும் அது சுருங்கிச் சுருங்கித் தள்ளிக்கொண்டே இருக்கும், அது அதன் பிறவிக் குணம். திருப்பூர்க்காரர்களிடம் இதை விளக்குவது சுலபம். வட்டப் பின்னல் மிஷினிலிருந்து பனியன் துணி குழாயாகத்தான் இறங்கும். அதை நீளவாக்கில் கிழித்து விரித்து, மடித்துத் தைத்தால் வேண்டிய உருவம் வரும். 50, 60 சென்டிமீட்டர் சிறுகுடலை இதே மாதிரி நீளவாக்கில் கீறி விரித்து, மடித்துத் தைத்து உருண்டையாக்குகிறார்கள். கீறிவிட்டதால் வளையமாகச் சுருங்கும் வேகம் போய்விடும். உருண்டை என்பதால் உள்ளே அழுத்தம் ஏறாமல் நிறையக் கொள்ளும். பிரான்ஸில் கமே என்ற மருத்துவர் 1970களில் பரப்பியபோது குடலைக் கீறாமல்தான் வைத்தார், கசிவும் அதிகமாக இருந்தது. பிறகு 1980களில் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து ஸ்டூடரும் ஜெர்மனியின் உல்ம் நகரத்து ஹவுட்மனும் கீறி மடிக்கிற முறைகளைக் கொண்டுவந்தார்கள். இப்போது செய்யப்படுகிறவை பெரும்பாலும் அவற்றின் வம்சம்தான்.

இந்த உருண்டையைப் பழைய மூத்திரத் துவாரத்தோடேயே தைத்துவிடுவார்கள். வெளியே எதுவும் தெரியாது. இதைத்தான் "நார்மலா ஆயிருவீங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அந்த வார்த்தை மேல் கோபம் உண்டு.

நார்மல் கிடையாது. புதுப் பைக்கு முட்டுகிற உணர்ச்சி தெரியாது. அடிவயிறு கனக்கிற மாதிரி மங்கலாக ஏதோ தோன்றும், சிலருக்கு அதுவும் இல்லை. கடிகாரம்தான் சொல்ல வேண்டும். ரெண்டு மூன்று வாரம் கத்தீட்டர், அதாவது சிறுநீரை வடிக்கும் மெல்லிய குழாய், இருக்கும். எடுத்ததும் பயிற்சி தொடங்கும். முதலில் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரி மூன்று மணிக்கு ஒரு அலாரம். தொடக்கத்தில் 150 மில்லிகூடப் பிடிக்காத பை, சில மாசங்களில் 400, 500 மில்லிக்கு வரும். அதற்கேற்ப இடைவெளியை நாலு மணி வரைக்கும் நீட்டலாம். போகும்போது உட்கார்ந்து, கீழ்த்தசையைத் தளர்த்தி, வயிற்றை முக்கி, கையால் அழுத்திக் காலி செய்ய வேண்டும். நின்றுகொண்டு வேலியோரமாகப் போய்வந்த ஆண்களுக்கு இது பெரிய மாற்றம், சிரிக்க வேண்டாம். குடல் என்பதால் சளி சுரக்கும். சிறுநீரில் வெள்ளையாக நூல் நூலாக வரும், சில சமயம் அடைக்கும், கத்தீட்டர் விட்டு உப்பு நீரால் கழுவ வேண்டியிருக்கும்.

பகலில் கட்டுப்பாடு பெரும்பாலோருக்கு வந்துவிடும். ஒரு வருஷத்தில் பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு என்று வைத்துக்கொள்ளலாம். ராத்திரி அப்படி இல்லை. பழைய பை நிறைந்தால் தூக்கத்திலும் மூளை வால்வை இறுக்கும். அந்தத் தொடர்பு இப்போது அறுந்துவிட்டது. எழுந்து போகாவிட்டால் படுக்கை நனையும்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் விவசாயிகளுக்கு ஒரு சாதகம் இருப்பதைக் கண்டேன். மும்முனை மின்சாரம் ராத்திரி எந்நேரம் வருகிறதோ அந்நேரம் எழுந்து மோட்டார் போட்டு, மடை மாற்றிவிட்டு வந்து படுத்து, மறுபடி எழுந்தே பழகியவர்கள். "கரண்டுக்கு எந்திரிச்ச ஒடம்பு இதுக்கு எந்திரிக்காதுங்களா?" என்று கேட்ட ஒருவர், சொன்னபடியே ரெண்டாவது மாசத்தில் அலாரத்தை நிறுத்திவிட்டார். நேர்மாறாக, நல்ல படிப்பும் வசதியும் இருந்த ஒருவர் ராத்திரி எழுவதையே தண்டனையாக நினைத்தார், டயாப்பரில் காலம் தள்ளினார். அவர் இலியல் காண்டூட்டோடு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அவருக்கு அறுவை வேறிடத்தில் நடந்தது. ராத்திரி எழ வேண்டும் என்பதை முன்கூட்டி யாரும் சொல்லவில்லை என்றார்.

குடிப்பழக்கம் இருந்தால் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். போதையில் எழாமல் கிடந்து, பை மிதமிஞ்சி நிறைந்து, தையல் விட்டு வயிற்றுக்குள் கிழிந்துபோவது அபூர்வமாக என்றாலும் நடக்கிறது, உயிருக்கே ஆபத்து. நோம்பிக்கு ஒரு நாள்தானுங்களே என்பவருக்கும் அந்த ஒரு ராத்திரி போதும்.

வெளியில் தெரியாத இன்னொரு வித்தியாசம் ரத்தத்தில் நடக்கிறது. குடலின் தொழிலே உறிஞ்சுவது. பையாகத் தைத்தாலும் அந்தப் புத்தி போகாது. சிறுநீர் எவ்வளவு நேரம் உள்ளே தங்குகிறதோ, அவ்வளவுக்குக் குளோரைடையும் அம்மோனியத்தையும் திரும்ப இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் அமிலம் ஏறும். வாய்க்காலில் சிறுநீர் நிற்பதில்லை என்பதால் அங்கே இது குறைவு. தொட்டியில் அதிகம். நல்ல சிறுநீரகம் அந்த அமிலத்தைச் சமாளித்துவிடும். ரத்தத்தில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, 2 பக்கம் போனவருக்குச் சமாளிக்காது. அதனால்தான் அப்படிப்பட்டவருக்கு நியோபிளாடர் வேண்டாம் என்கிறார்கள். ஈரல் கெட்டவருக்கும் அப்படியே. அசதி, குமட்டல், வாய்க்கு ருசியில்லாமை, எடை இறங்குவது என்று ஒருவர் வந்தால், புற்று திரும்பிவிட்டது என்று வீட்டில் அழுதுகொண்டிருப்பார்கள். பாதி நேரம் சோடியம் பைகார்பனேட் மாத்திரையில் தெளிந்துவிடுவார். தொடக்க வாரங்களில் உப்பும் வெளியேறிவிடும் என்பதால் தண்ணீரும் உப்பும் தாராளமாகச் சேர்க்கச் சொல்வார்கள். ரத்தக்கொதிப்புக்காக இருபது வருஷம் உப்பைக் குறைத்துச் சமைத்த அம்மாவுக்கு இதைப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். கொதிப்போ இதய நோயோ உள்ளவர்கள் எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

பி12 இரு முறையிலும் பார்க்க வேண்டியது. உடம்பில் உள்ள சேமிப்பு மூன்று முதல் ஐந்து வருஷம் வரைக்கும் தாங்கும் என்பதால் குறைவு பிந்தித்தான் தெரியும். வருஷத்துக்கு ஒரு முறை பாருங்கள். சிறுநீர்க்குழாயும் குடலும் சேரும் தையலில் சுருக்கம் விழுவதும் பொது. பெரும்பாலும் இடப்பக்கம். வலிக்காமலே சிறுநீரகம் வீங்கிக் கெட்டுப்போகும், ஸ்கேன்தான் காட்டிக்கொடுக்கும். "நல்லாத்தானுங்க இருக்கறன்" என்று ஸ்கேனுக்கு வராமல் இருக்காதீர்கள்.

பரிசோதனைக் கூடங்களில் நடக்கும் ஒரு கூத்தையும் சொல்லியாக வேண்டும். குடல் சேர்ந்த சிறுநீரில் பாக்டீரியா எப்போதும் இருக்கும். காய்ச்சல், விலா வலி என்று எதுவும் இல்லாதபோது அதற்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பது வீண். அதிலும் ஸ்டோமா பையிலிருந்தே சிறுநீரைப் பிடித்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினால் பையில் வளர்ந்ததெல்லாம் ரிப்போர்ட்டில் வரும். புதுக் கத்தீட்டரை ஸ்டோமாவுக்குள் விட்டு எடுத்தால்தான் அது கணக்கு.

பெண்களுக்கு இந்த ஒப்பீடு வேறு மாதிரி சாயும். ஆண்களுக்குத் தொட்டி கசிவது தொல்லை என்றால், பெண்களில் கணிசமானவர்களுக்குத் தொட்டி திறக்காமல் போவது தொல்லை. எவ்வளவு முக்கினாலும் முழுசாகக் காலியாகாது; நாளைக்கு நாலைந்து தடவை தாங்களே கத்தீட்டர் விட்டு எடுக்க வேண்டும், ஆயுசுக்கும். அறுவைக்கு முன்பே ஒரு கத்தீட்டரைக் கையில் கொடுத்து, கண்ணாடி வைத்துப் பழகிப் பார்க்கச் சொல்வது என் வழக்கம். முடியாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டால் நல்லது. சென்னிமலைப் பக்கம் குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிற ஒரு அம்மா, குனிந்து குனிந்து நெய்வதால் வயிற்றுப் பை அழுந்தும் என்று நியோபிளாடர்தான் கேட்டார். கண்கட்டிக்கொண்டே கத்தீட்டர் விடுவேன் என்கிற அளவுக்குக் கைத்திறன் அவருக்கு. பட்டு நூல் பிணைத்த விரல்கள்!

செலவு. அறுவைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு உதவும்; குடும்பத்துக்கு வருஷம் 5 லட்ச ரூபாய் வரை அதில் உண்டு. எல்லோரும் அந்த ஒரு நாள் செலவையே பார்க்கிறார்கள். ஸ்டோமா பை மாசா மாசம் வாங்க வேண்டியது, ஆயுள் இருக்கும் வரைக்கும். சின்ன ஊர் மெடிக்கல் ஷாப்பில் இருக்காது, கோயமுத்தூரிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ வரவழைக்க வேண்டும். பொங்கல், தீபாவளி விடுமுறைக்கு முன்னால் ரெண்டு வாரத்துக்கானதைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள். நியோபிளாடரில் இந்த மாசச் செலவு பலருக்கு இல்லை. இதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை, ஆனால் ஐம்பது வயது விசைத்தறித் தொழிலாளிக்கு இருபது வருஷத்துக்கான பைக் கணக்கு சின்ன விஷயம் இல்லை. அவருக்கு உடம்பும் இடம் கொடுத்தால் நான் தொட்டிப் பக்கம்தான் சாய்வேன்.

மற்ற வழிகளைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். குடலில் பை தைத்து, அதன் வாயைத் தொப்புளிலோ வயிற்றிலோ சிறு துளையாக வைத்து, நாளைக்கு நாலிலிருந்து ஆறு தடவை கத்தீட்டர் விட்டு எடுப்பது ஒன்று. 1980களில் வந்த இண்டியானா பை இந்த வகை. குடல்வாலையே கத்தீட்டர் பாதையாக வைக்கும் மித்ரோஃபனாஃப் உத்தியையும் இதில் சேர்ப்பார்கள். மூத்திரத் துவாரத்தில் புற்று இருந்து நியோபிளாடர் கூடாது, வெளியே பையும் வேண்டாம் என்பவர்களுக்கு நல்ல வழி. ஆனால் கத்தீட்டர் பாதை சுருங்கும், உள்ளே கல் பிடிக்கும், திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டிவரும். இதை வாடிக்கையாகச் செய்கிற மருத்துவரிடம் மட்டும் போங்கள்.

இருப்பதிலேயே பழையது, சிறுநீர்க்குழாய்களைப் பெருங்குடலில் சேர்த்துவிட்டு மலத்துவாரம் வழியாகவே எல்லாம் போகச் செய்வது. 1852இல் லண்டனில் ஜான் சைமன் ஒரு பையனுக்குச் செய்ததிலிருந்து அதன் கதை தொடங்குகிறது. பை இல்லை, செலவு இல்லை, கேட்க இனிக்கும். மலக் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறும், ரத்தத்தில் அமிலம் ஏறும், பல வருஷம் கழித்துக் குழாய் சேர்ந்த இடத்திலேயே குடல் புற்று வரும் வாய்ப்பு உண்டு. இதை எவராவது இன்றைக்குச் சுலப வழி என்று சொன்னால் இன்னொரு மருத்துவரையும் பாருங்கள்.

எதிர்முனையில் இருப்பது குடலையே தொடாமல் சிறுநீர்க்குழாயை நேராகத் தோலுக்குக் கொண்டுவந்து விடுவது. பார்க்க அரைகுறை வேலை மாதிரி இருக்கும். வாய் சுருங்கும், பலருக்கு உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைத்து மாசக் கணக்கில் ஒரு முறை மாற்ற வேண்டும். ஆனால் எண்பதைத் தாண்டியவர், இதயம் பலவீனமானவர், ஒரே சிறுநீரகம் உள்ளவர் என்றால் குடல் வெட்டித் தைக்கிற ஆபத்தை இது தவிர்க்கிறது. பையை எடுக்கிற அறுவையே பெரிய அறுவை. கவனித்துக் கணக்கெடுத்த மையங்களில்கூட, 90 நாளுக்குள் பாதிப் பேருக்கு மேல் சின்னதோ பெரிதோ ஒரு சிக்கலைச் சந்தித்திருக்கிறார்கள், அதில் குடல் சம்பந்தப்பட்டவை நிறைய. எண்பது வயது ஐயனுக்கு இதைச் செய்துவிட்டு வந்ததற்காக ஒறம்பரைக்காரர்கள் முன்னால் மகன் வெட்கப்பட வேண்டியதில்லை.

ரெண்டு பெரிய முறைகளில் எது உயிரை அதிகம் காக்கும் என்று கேட்டால், வித்தியாசம் இல்லை. புற்று எவ்வளவு பரவியிருந்தது, எவ்வளவு சுத்தமாக எடுத்தார்கள் என்பதுதான் அதைத் தீர்மானிக்கும். வாழ்க்கைத் தரத்தை அளந்த ஆய்வுகளும் ஒன்று மற்றதைவிட மேல் என்று தெளிவாகக் காட்டவில்லை. இளையவர்களுக்கும் திடமானவர்களுக்கும் நியோபிளாடர், மற்றவர்களுக்குக் காண்டூட் என்று முன்பே பிரித்துவிடுவதால் அந்த ஒப்பீடும் சமதளத்தில் நடப்பதில்லை.

நான் பார்த்த வரைக்கும், எழுபத்தைந்து தாண்டி, தோட்டத்துச் சாளையில் கிழவனும் கிழவியுமாக மட்டும் இருக்கிறார்கள், பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ என்றால், தயங்காமல் காண்டூட். காரணம் இதுதான்: பை மாற்ற ஒரு பேத்திக்குக்கூட அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். புதுப் பையைக் காலி செய்கிற வித்தை அந்த ஆளின் மூளைக்குள் இருக்கிறது. ஞாபகம் தப்பினாலோ பக்கவாதம் வந்தாலோ அதைக் கைமாற்றிக் கொடுக்க முடியாது. அறுபதுக்குக் கீழே, கிரியாட்டினின் நன்றாக இருந்து, ராத்திரி எழத் தயார், கத்தீட்டர் என்றால் முகம் சுளிக்காதவர் என்றால் நியோபிளாடரைக் கேட்டு வாங்குங்கள். இடையில் இருப்பவர்களோடுதான் எனக்கு ரொம்ப நேரம் பேச்சு ஓடும்.

பை வைத்தால் கோயிலுக்குப் போகலாமா என்றும் கேட்பார்கள். காண்டூட் வைத்த ஒருவர் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போய்வந்தார். கூடப் போன தம்பிக்கு நியோபிளாடர். இருவருக்கும் ஒரே பட்டறை, ஒரே பீடிக்கட்டு. வழியெல்லாம் தம்பிதான் நேரம் பார்த்து உட்கார இடம் தேடினாராம். அண்ணன் வேலியோரம் நின்று, பைக் குழாயைத் திறந்துவிட்டுப் பத்து வினாடியில் வரிசையில் சேர்ந்துகொண்டாராம். "இந்த ஒரு விசயத்துலதாஞ் சிஸ்டர் அவன நாஞ் செயிச்சது" என்றார்.

நியோபிளாடர் என்று முடிவாகி வருகிறவர் வயிற்றிலும் நான் புள்ளி வைப்பேன். மூத்திரத் துவாரத்தின் வெட்டு முனையை அறுவை நடக்கும்போதே சோதனைக்கு அனுப்புவார்கள். அதில் புற்று தெரிந்தால் தொட்டி கிடையாது, மேசையிலேயே திட்டம் மாறி வாய்க்காலாகிவிடும். கண் விழித்ததும் நோயாளியின் கை முதலில் அடிவயிற்றின் வலப்பக்கத்தைத்தான் தடவும். அதனால் முந்தின நாள் சாயங்காலமே, வேட்டியைக் கட்டச் சொல்லி, உட்கார வைத்து, குனிய வைத்து, இது எதற்கு என்பதையும் சொல்லிவிட்டுத்தான் பேனாவை மூடுவேன்.